மடியில் மறைபடை

‘மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம்’ என்பது பழமொழி. கனம் என்று முன்னோர் கருதியது பொன்னையும் பணத்தையுமே. கனத்தை இறக்கி வைத்தாற் பயமும் இறங்கும் என்பது அதன் குறிப்பு. இக்காலத்திலோ, அப்பயத்துக்கு மருந்தென்று வேறொரு பொருளை அதே மடியிற் செருகிக்கொள்ளச் சிலர் விரும்புகின்றனர். அஃது உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க சிறு கைத்துப்பாக்கி. பணத்தின் கனத்தோடு இரும்பின் கனமுஞ் சேர்ந்தால் வழியிற் பயம் குறையுமா, கூடுமா? இதுவே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

படைக்கலத்தைப் பற்றித் தமிழாசிரியன் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். துவக்கின் பொறிநுட்பத்தை உரைக்க வேறு ஆசிரியர் உளர். ஆயின், மனிதன் தன் உடையினுள் ஒரு படையை மறைத்துக்கொண்டு நாடோறும் பிறர் முன் நடமாடுதல் பொறிநுட்பத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. அஃது ஒழுக்கத்தின்பாற்பட்டது. அதனைப் பற்றி நம் நூல்கள் நெடுங்காலமாகப் பேசியுள்ளன.

பெயரும் வரலாறும்

‘துப்பாக்கி’ என்னுஞ் சொல்லும், ஈழத்து வழக்காகிய ‘துவக்கு’ என்னுஞ் சொல்லும் துருக்கி, பாரசீகம் ஆகிய மொழிகளின் வழியே நம்மிடம் வந்து குடியேறியவை. ‘பிஸ்டல்’ என்பது செக்கு மொழியில் ஊதுகுழலைக் குறித்த சொல்லின் வழி வந்ததென்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர். குழலூதும் வாய்க்கும் குண்டுமிழும் வாய்க்கும் பெயர் ஒன்றானமை வியப்பே. ‘கைத்துப்பாக்கி’ என்பது நாம் ஆக்கிக்கொண்ட தொடர்.

சொல் புதிதேனுங் கருத்துப் பழையது. உடைவாள் பிறர் காண இடையில் தொங்குவது. சுரிகையோ வேண்டுமிடத்துக் கச்சினுள் அடங்கவும் வல்லது. நம்மூர் வில்லுக்கத்தியும் மடக்கினால் மடிக்குள் மறைவதுதான். ஆனால் அது பாக்குச் சீவவும், மாங்காய் அரியவும், கயிறறுக்கவும் பயன்படுவது. பத்து வேலைக்கு உதவுங் கருவியை மறைத்தல் வேறு. ஒரே வேலைக்கென ஆக்கிய கருவியை மறைத்தல் வேறு.

சட்டைப்பைக்கென்றே துப்பாக்கி செய்யுந் தொழில் மேனாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செழித்தது. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் என்னுங் கொல்லர் ஒரு குண்டு மாத்திரம் இடத்தக்க சிறு கைத்துப்பாக்கியைச் செய்து பெயர் பெற்றார். அவர் பெயரின் நடுவில் ஆங்கில எழுத்தொன்று கூடுதலாக ஏறி, அத்தகைய சிறு துப்பாக்கிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராயிற்று. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நகரின் நாடக அரங்கொன்றில், ஆபிரகாம் லிங்கனின் பின்புறமாக வந்து ஜோன் வில்க்ஸ் பூத் சுட்டது அவர் செய்த துப்பாக்கியாலேயே. அடிமைத்தளையை அறுத்த தலைவனின் உயிரைக் குடித்தது ஒரு கையில் மறையும் இரும்புத் துண்டு.

பின்னர் ஜோன் மோசஸ் பிரௌனிங் என்பார் தாமாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளை வகுத்தார். பெல்ஜியத்து லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்ரல் தொழிற்சாலை அவற்றைச் செய்து உலகெங்கும் விற்றது. 1906 ஆம் ஆண்டின் பெயர் தாங்கி வந்த சிறு வகை ஏறத்தாழ 11 சென்றிமீற்றர் நீளமும், 400 கிராமிற் குறைந்த எடையும் உடையது. 6.35 மில்லிமீற்றர்க் குண்டுகள் ஆறு அதன் பிடிக்குள் அடங்கும். கனவான்கள் அதனை உள்மேற்சட்டைப் பையில் வைத்தனர். இதே தொழிற்சாலையின் 1910 ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கியொன்றே 1914 ஜூன் 28 இல் சரயேவோ நகர வீதியில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் வீழ்த்தியது. அதன் பின் மூண்ட உலகப்போரை நாம் அறிவோம்.

சிறுமையின் விலை

சிறு கைத்துப்பாக்கியைத் தேர்வோர் முன் நிற்குஞ் சிக்கல் யாதெனில், ஒரு நலனை வேண்டின் மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதே. மறைத்தற்கு எளிதாக வேண்டுமாயின் குழல் குறுக வேண்டும். குழல் குறுகினாற் குறி பார்த்தல் அரிதாகும். சுமை குறைய வேண்டுமாயின் எடை குறைய வேண்டும். எடை குறைந்தால், சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பு மிகும். பிடி சிறுத்தால் விரல்கள் சரிவரப் பற்றா. குண்டுகளின் தொகையுங் குறையும். ஆதலின், பெருந்துப்பாக்கியினும் சிறுதுப்பாக்கியைச் செவ்வனே கையாளவே மிகுந்த பயிற்சி வேண்டும். பயிற்சியில்லாதவர் கைக்கு ஏற்றதென்று தோன்றுவதே பயிற்சி மிக வேண்டுவதாய் முடிகின்றது.

இன்னுமொரு சிக்கலுண்டு. குண்டைக் குழலில் ஏற்றி வைத்துக்கொண்டு நடந்தால், தவறி விழினும், விரல் தட்டினும், குழந்தை தொடினும் ஆபத்து. ஏற்றாமல் நடந்தால், கள்வன் எதிர்ப்பட்ட கணத்தில் அஃது ஓர் இரும்புக்கட்டி. இவ்விரண்டிற்கும் நடுவே வழி காணவே பிடியை அழுத்தினாலன்றிச் சுடாத பூட்டும், விரலால் தள்ளும் பூட்டும் எனக் காப்புகள் பல ஆக்கப்பட்டன. காப்பதற்கென வாங்கிய பொருளுக்கே இத்தனை காப்பு வேண்டியிருத்தல் சிந்திக்கத்தக்கது.

வழிப்பறி செய்பவன் நாளையும் இடத்தையும் தானே தேர்ந்து வருகின்றான். சுமப்பவனோ எந்நாளுஞ் சுமந்து, எந்நேரமும் விழித்திருத்தல் வேண்டும். எதிரி முந்திக்கொண்டபின் உடைக்குள் கைவிட்டுத் துழாவுதல், தணிந்து போகக்கூடிய ஆபத்தை உயிராபத்தாக மாற்றவும் கூடும். பணத்தைப் பறிக்க வந்தவன் துப்பாக்கியையும் பறித்துச் செல்வானாயின், நாம் ஒரு கள்வனுக்கு ஆயுதம் வழங்கியவராவோம்.

ஒரு கேள்வி

எம்மிடம் முன்னாளில் நன்னூல் கேட்ட ஒருவர் இப்போது வன்னியில் நெல் வாணிகஞ் செய்கின்றார். அறுவடைக் காலத்திற் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே அடிக்கடி பணத்தோடு செல்பவர். முறிகண்டிப் பிள்ளையார் முன்னே வாகனத்தை நிறுத்திக் கற்பூரங் கொளுத்தாமல் அப்பால் நகராதவர். சில காலத்துக்கு முன் அவர் எம்மைக் கண்டு, “ஐயா, சட்டப்படி அனுமதி எடுத்து ஒரு சின்னப் பிஸ்டல் வைத்திருக்கலாமென்று நினைக்கிறேன். சட்டைப்பைக்குள் அடங்குவதில் எது நல்லதென்று ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள்” என்றார்.

“தம்பி, இதை என்னிடம் ஏன் கேட்கிறீர்?” என்றேம்.

“தெரிந்தவர்கள் எல்லாரும் எதை வாங்கலாம் என்று சொன்னார்கள், ஐயா. வாங்கலாமா என்று ஒருவருஞ் சொல்லவில்லை” என்றார் அவர்.

அவருக்கு விடைகூறாது, யாம் அவரை மூன்று வினாக்கள் வினவினேம். இரவில் வீட்டில் அதனை எங்கே வைப்பீர்? உம் பிள்ளைகள் இருவரும் எட்டாத இடமும், நீர் அரைநொடியில் எட்டும் இடமும் ஒன்றாயிருக்குமா? கடனைத் திருப்பித் தராதவனோடு உரத்துப் பேசும் நாளில் அது உம் மடியிலிருப்பின், உம் கை எங்கே செல்லும்? இம்மூன்றுக்கும் அவர் உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் ஒருநாள் வந்து, பெரும்பணத்தை வங்கி வழியே அனுப்புவதாகவும், எஞ்சியதற்குப் பகலிலே இருவராகச் செல்வதாகவுஞ் சொன்னார். “பயம் போய்விட்டதா?” என்று கேட்டேம். “பாதி போய்விட்டது, ஐயா. மிச்சப் பாதி இருக்கத்தான் செய்கிறது” என்றார். அது மெய்யான விடை. அந்த மிச்சப் பாதியை வாங்குவதற்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

நாட்டுச் சட்டமும் இவ்வகையிற் கண்டிப்பானது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்குகின்றது. அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுவது. பயிர்காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தையும், உயிர்காப்புக்கென்று கேட்குங் கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சையும் நாட வேண்டும். தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளையுங்கூட மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வமைச்சு கேட்டுக்கொண்டது. அச்சத்தை மாத்திரங் காரணமாகக் காட்டி எவரும் எளிதிற் பெறத்தக்க பொருளன்று இது.

அறிவித்துப் பொருதல்

இனி நம் இலக்கியத்தை நோக்குவோம். சங்கத் தமிழர் படையை வெறுத்தவரல்லர். ஆயினும் அவர் போற்றிய படை பகைவர் கண்ணுக்குப் புலனாகும் படை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டை மாணவர் அறிவர். அம்பு தொடுக்குமுன், பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மக்கட்பேறு இல்லாதோரும் காவலான இடஞ் சேர்க என்று முன்னறிவிக்கும் அறநெறி அங்கே பேசப்படுகின்றது. படை எடுத்தற்கு முன் சொல் எடுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடந் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலச் சாலையைக் கண்டு பாடிய பாட்டும் புறநானூற்றிலே 95 ஆவதாக உள்ளது. இங்கே வேல்கள் நெய்பூசப் பெற்று, அணிபெற்று, காவலோடு கிடக்கின்றன. எங்கள் மன்னன் வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்பது கருத்து. புகழ்வதுபோலப் பழித்த அந்நயத்தைப் பலகாலும் வியந்திருக்கின்றோம். இன்னொன்றும் அங்கே நோக்கற்பாலது. இருவர் படைகளும் எண்ணத்தக்கனவாய், காணத்தக்கனவாய், உரிய இடத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் ஒருவன் உடையினுள் ஒளிந்திருக்கவில்லை.

திருவள்ளுவர் படைச்செருக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். முயலின்மேற் பட்ட அம்பைக் காட்டிலும் யானையின்மேல் எறிந்து தவறிய வேல் சிறந்தது என்று கருதியவர் அவர். அவரே ‘கூடாநட்பு’ என்னும் 83 ஆம் அதிகாரத்திலே, 828 ஆம் குறளில், மறைபடையைப் பற்றிக் கூறுகின்றார். பகைவனது கும்பிடுங் கையையும் அவன் சிந்துங் கண்ணீரையும் ஒரே நிறையில் வைத்து, இரண்டனுள்ளும் ஆயுதம் இருக்கலாம் என எச்சரிக்கின்றார். மறைபடைக்கு அவர் இடங்கொடுத்தது நட்பின் பொய்ம்மையைக் கூறும் அதிகாரத்தில். வீரங்கூறும் அதிகாரத்தில் அன்று. அதிகார வைப்பே ஒரு தீர்ப்பாகின்றது.

தொழுத கை

அக்குறளுக்கு உரை எழுதினாற்போல் அமைந்தது பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. திருக்கோவலூரை ஆண்ட அம்மன்னரைப் போர்க்களத்திற் பலமுறை எதிர்த்துத் தோற்றவன் முத்தநாதன். களத்தில் வெல்லமாட்டாமையை உணர்ந்தவன், மேனியெல்லாம் நீறு பூசி, சடைமுடி தரித்து, ஏட்டுக்கட்டினுள்ளே படையை மறைத்து அரண்மனை புகுந்தான். வாயில் காப்போர் வேடத்தை வணங்கி வழிவிட்டனர். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் தடுத்தும் நில்லாது உட்புகுந்தான். எங்கும் இல்லாத ஆகமம் கொண்டுவந்தேன் என்றான். அரசர் அவனை மேலிருத்தித் தாம் கீழிருந்து வணங்கிய போழ்தில், கட்டை அவிழ்ப்பான்போல் அவிழ்த்துத் தன் கருத்தை முடித்தான்.

வாளோடு பாய்ந்த தத்தனை வீழ்கின்ற கையாலே தடுத்தார் அரசர். அவன் நம்மவன் என்றார். ஊரவர் அவனுக்குத் தீங்கு செய்யாவண்ணம் எல்லை கடத்தி விட்டுவருமாறு பணித்தார். அவன் நலமே சென்றான் என்று தத்தன் மீண்டுவந்து சொல்லுங்காறும் உயிரைத் தாங்கியிருந்தார். மறைபடையின் வெற்றி ஒரு நொடி. மன்னரின் வெற்றி ஆயிரம் ஆண்டு.

இது பழங்கதை, வேடத்தை நம்பிய காலத்துக் கதை எனச் சிலர் கூறலாம். நம் நூற்றாண்டுக்கு அணித்தான நிகழ்ச்சிகளை நோக்குக. 1948 ஜனவரி 30 மாலை, தில்லி பிர்லா மாளிகையில் வழிபாட்டுக்கு நடந்துவந்த காந்தியடிகள் முன் நாதுராம் கோட்சே வந்து வணங்கினான். வணங்கிய கையே இத்தாலியிற் செய்த பெரெட்டாக் கைத்துப்பாக்கியால் மும்முறை சுட்டது. பத்து நாட்களுக்கு முன் அதே இடத்திற் குண்டு வெடித்திருந்தும், வழிபாட்டுக்கு வருவோரைச் சோதனையிட அடிகள் இசைந்தாரல்லர்.

1959 செப்டெம்பர் 25 இல் கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்தில், தம்மைக் காண வந்திருந்த பிக்கு ஒருவரைப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா வணங்கினார். தல்துவே சோமராமர் எனும் அப்பிக்கு காவியுடைக்குள் வைத்திருந்த சுழல்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாட் பிரதமர் மறைந்தார். முந்தியதிலே தொழுதவன் கையிற் படை. பிந்தியதிலே தொழப்பட்டவன் கையிற் படை. மருத்துவமனையிற் கிடந்த பிரதமர் தம்மைச் சுட்டவரிடம் இரக்கங் காட்டுமாறும், பழிவாங்க முயலாதிருக்குமாறும் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவரது அரசியலைக் குறித்துத் தமிழர்க்குப் பெருங்குறைகள் உண்டு. அவை இங்கே பேசும் பொருளல்ல. திருக்கோவலூர் மன்னரின் சொல்லும் கொழும்புப் பிரதமரின் சொல்லும் ஒரே திசையிற் சென்றமையை மாத்திரம் சுட்டி அமைகின்றோம்.

தமிழகத்தில் 1911 ஜூன் 17 இல் மணியாச்சிச் சந்திப்பிலே நின்ற புகைவண்டியில், மனைவியோடு அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பாரை வாஞ்சிநாதன் சுட்டதும் பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கியாலேதான். அடுத்த சில கணங்களில் அதே துப்பாக்கியால் அவ்விளைஞர் தம் உயிரையும் போக்கிக்கொண்டார். நாடு அவரைத் தியாகியென்று போற்றுகின்றது. அந்நிலையமும் இன்று அவர் பெயரோடு வழங்குகின்றது. அச்செயலின் நியாயத்தை வரலாற்றாசிரியர் ஆராய்வாராக. யாம் காண்பது கருவியின் இயல்பை. எதிரே நின்றவனையும் ஏந்தி வந்தவனையும் அது வேற்றுமையின்றி விழுங்கிற்று.

மறுப்புரை ஒன்று

இங்கே நேர்மையான மறுப்பொன்று எழும். மறைபடை எல்லாம் வஞ்சகமா? 1659 நவம்பர் 10 இல் பிரதாப்கட் மலையடியிலே அப்சல்கானைக் காணச் சென்ற சிவாஜி, உடைக்குள் கவசமும் விரல்களுக்கிடையே புலிநகமெனும் இருப்புக் கொக்கியும் கொண்டு சென்றார். தழுவவந்த பேருருவன் தம்மைக் கொல்ல முனைந்தபோது அவையே அவரைக் காத்தன என்பது மராட்டியர் வழக்கு. எளியவன், தனியன், இருளில் வழிச்செல்லும் பெண், இவர்க்கெல்லாம் புறநானூற்று வீரனைப்போல் மார்பைக் காட்டி நில் என்று உபதேசித்தல் பொருந்துமா?

பொருந்தாது. தன்னுயிரைக் காத்தல் எவர்க்கும் உரியது. சட்டமும் அதனை ஒப்புகின்றது. ஆயின் சிவாஜியின் நிலை ஒரு நாளைய நிலை. அறிந்த பகைவனை, குறித்த இடத்தில், குறித்த நாளில் அவர் சந்திக்கச் சென்றார். நாம் பேசுவதோ நாடோறுஞ் சுமக்கும் படை. சந்தையிலும் கோயிலிலும், கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும், பகைவனில்லாத இடமெங்கும் உடன்செல்லும் படை. நாள் முழுதும் பகைவனை எதிர்பார்ப்பவனுக்கு எதிர்ப்படும் முகங்களெல்லாம் சிறிது சிறிதாகப் பகைமுகங்களாய்த் தோன்றத் தொடங்கும். எதிரியைத் தாக்குமுன் அப்படை சுமப்பவன் பார்வையைத் தாக்குகின்றது. உயிராபத்து மெய்யாகவே உள்ளவர் சட்டத்தின் வழி சென்று, முறையாகப் பயின்று, காத்துக்கொள்வாராக. மற்றையோர் அதனை ஓர் அணிகலன்போல் விரும்புதலையே யாம் மறுக்கின்றோம்.

வன்னியின் வழக்கம்

வன்னி மண் ஆயுதமறியாத மண்ணன்று. காடு வெட்டிக் கழனியாக்கிய குடி காட்டுக்கத்தியும் கோடரியுந் தோளிற் சுமந்தே நடந்தது. யானையும் பன்றியுங் கரடியும் உலவும் இடத்தில் வெறுங்கையோடு செல்லல் பேதைமை. காவற்பரணில் இரவு முழுதும் விழித்திருந்தவன் பக்கத்தில் இடியன் துவக்குஞ் சாத்தியிருந்தது. ஆனால் அக்கத்தி தோளிலே, அத்துவக்குப் பரணிலே, ஊரறிய இருந்தது. இன்னார் வீட்டில் துவக்குண்டு என்பதை ஊர்க் குழந்தையும் அறியும்.

வன்னிக் குறுநிலத் தலைவருள் இறுதியில் நின்ற பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் கொண்டிருந்த கோட்டையை வெளிப்படத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நாட்டினர். பகைவனே கல்லில் எழுதி வைக்கும் பெருமை வெளிப்பட நின்று பொருதவனுக்கே வாய்க்கும்.

வன்னி நாட்டார் வழங்கும் வேலப்பணிக்கன் ஒப்பாரியோ வேறொரு பாடங் கூறும். பிறர் அஞ்சிய யானையைத் தானே சென்று பிடித்துக் கட்டியவள் வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை. அவளுடைய புகழைப் பொறாதவர்கள் அவளை நஞ்சிட்டுக் கொன்றனர் என்பது கதை. காட்டிலே கண்ணெதிரே வந்த மதயானை அவளைக் கொல்லவில்லை. மறைத்து வைத்த சிறுநஞ்சு கொன்றது. நஞ்சும் ஒரு மறைபடையே.

காட்டோரத்திற் பன்றிக்கென இரகசியமாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் அவ்வினத்தது. அது சட்டத்துக்கு மாறானது. கம்பியில் தட்டிய கால் பன்றியுடையதா, விறகு பொறுக்க வந்தவனுடையதா என்று அது கேளாது. கட்டியவனே இருளிற் சென்று அதில் அகப்பட்ட துயரமும் நாட்டில் உண்டு. மறைத்தவன் மறந்தாலும் மறைபடை மறவாது.

2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடலோரத்திற் போர் முடிந்தபின், மண்ணுக்குள் மறைந்து கிடந்த கண்ணிகளைக் கூட்டி அள்ளும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துவருகின்றது. மறைத்தற்கு ஒரு கணம் போதும். வெளிப்படுத்தற்கு ஒரு தலைமுறை வேண்டும். இதனை வன்னிப் பிள்ளைகளுக்குப் புத்தகத்திற் கற்பிக்க வேண்டியதில்லை. வேலியடைக்கக் குழி தோண்டுமுன் மண்ணை உற்றுநோக்கும் தந்தையைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அம்மண்ணில் மீண்டும் ஒருவன் தன் மடியிலே ஒன்றை மறைத்துக்கொள்ள விரும்புவானாயின், அவ்விருப்பத்துக்குக் காரணமான அச்சத்தை நாம் எள்ளலாகாது. ஆயினும் அச்சத்துக்கு அவன் தேடும் மருந்தை ஆராயாது விடுதலும் ஆகாது.

பத்திரம்

முத்தநாதன் ஏட்டுக்கட்டிலிருந்து எடுத்த படைக்குச் சேக்கிழார் இட்ட பெயர் ‘பத்திரம்’. இச்சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். வடமொழியிற் பகரவருக்கத்து முதலெழுத்தால் தொடங்கும் சொல் ஒன்று இலையையும் ஏட்டையும், வாளின் அலகையுங் குறிக்கும். அவ்வருக்கத்து நான்காம் எழுத்தால் தொடங்கும் சொல் வேறொன்று. அது நன்மையையுங் காப்பையுங் குறிக்கும். தமிழில் வருக்க வேறுபாடின்மையால் இரண்டும் ஒரே வடிவெய்தின. ஆகவே நமக்குப் பத்திரம் என்பது ஏடு. பத்திரம் என்பது கத்தி. பத்திரம் என்பது பாதுகாவலும் ஆகும். பிள்ளையை வழியனுப்புந் தாய் ‘பத்திரமாகப் போய் வா’ என்கிறாள். அரசாங்கம் தருவது அனுமதிப்பத்திரம். முத்தநாதன் மறைத்ததும் பத்திரம்.

கத்தியே காப்பென எண்ணுபவன் இச்சொல்லின் ஒரு பொருளை மற்றொன்றோடு மயங்குகின்றான். முத்தநாதன் செய்த பெருங்கொடுமை கொலை மாத்திரமன்று. ஏடென்னும் பத்திரத்துக்குள் கத்தியென்னும் பத்திரத்தை வைத்தமையால், அதற்குப் பின் ஏட்டுக்கட்டோடு வந்த மெய்யடியாரையும் காவலன் ஐயுற்றிருப்பானன்றோ? மறைபடை ஒருவனைக் கொல்கின்றது. அதனோடு ஊரார் ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையையுங் கொல்கின்றது. அந்நம்பிக்கை இல்லாத ஊரில் ஆயிரந் துப்பாக்கி இருந்தென்ன? வழிச்செல்வோனுக்கு மெய்க்காவல், அவன் கூவினால் கதவு திறக்கும் வீடுகளே.

பழைய தமிழாசிரியர் இடையிலும் ஓர் இரும்பு இருந்தது. மடக்கெழுத்தாணி என்பது அதன் பெயர். ஒரே பிடியில் ஒருபால் ஓலை சீவுங் கத்தியும், மறுபால் எழுத்துப் பொறிக்கும் ஊசியும் மடங்கிக் கிடக்கும். அதுவும் கூரியது, மடியில் அடங்குவது, நாடோறும் உடன்செல்வது. ஆனால் அதை எடுத்தபோது எதிரிலிருந்தவன் அஞ்சினானல்லன். அருகே நகர்ந்து அமர்ந்தான். மடியிலிருப்பதை வெளியே எடுக்கும்போது நம் அயலவன் விலகுவானா, அருகே வருவானா? எதனைத் தேர்வது என்று மயங்குவோர் முதற்கண் இதனை ஆராய்ந்து தெளிவாராக.